பச்சை ரத்தம், நாலாவது ஆள்

இரண்டாம் பாகம் என்று போஸ்டரில் பார்த்தாலே நம் ஆட்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். பழைய ஹீரோ இருக்கிறாரா? இதை எதுக்கு எடுத்தார்கள்? முதல் கேள்விக்குப் போஸ்டரே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குத் தயாரிப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார்.

சினிமாவில் இது பரவாயில்லை. இரண்டாம் பாகம் பிடிக்கவில்லையா, இடைவேளையில் பஃப்ஸ் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் பாகம் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போடுவான்.

வீடியோ கேமில், அதுவும் பல பேர் சேர்ந்து ஆடுகிற கேமில், இந்தச் சௌகரியம் எப்போதும் கிடைக்காது. இரண்டாம் பாகம் வரும்போது முதல் பாகத்தை இழுத்து மூடிவிடுவதும் உண்டு. நாம் குடியிருக்கும்போதே ஹவுஸ் ஓனர் வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி. "புது வீடு சார், டைல்ஸ் போட்டிருக்கேன்" என்பார். டைல்ஸ் சரி. பக்கத்துப் போர்ஷன்காரர் எங்கே?

'ஓவர்வாட்ச்' என்று ஒரு அமெரிக்க கேம். அணிக்கு 6 பேர். 2022 அக்டோபரில் 'ஓவர்வாட்ச் 2' வந்தது. பழையது போயே போச்சு. புதியதில் அணிக்கு 5 பேர். வேகம் கூடியிருக்கிறது, கிராபிக்ஸ் பிரமாதம் என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. ஆறு சிநேகிதர்கள் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்திருப்பார்களே, அந்த ஆறாவது ஆள் என்ன ஆனான்? (2024 கடைசியில் ஆறு பேர் ஆட்டத்தையும் சோதனையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகூடப் பிறந்திருக்கலாம்.)

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு? நம் ஊரிலேயே ஒரு இரண்டாம் பாகம் வந்ததே. பப்ஜிக்கு அப்புறம் வந்த பி.ஜி.எம்.ஐ. 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. பெயரிலேயே ஊர் இருக்கிறது. மொத்த சமாசாரமும் அந்த ஒரு வார்த்தையில்தான்.

* * *

உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை உங்களுக்கு முன்னால் படித்துவிடுகிற அப்பாமார்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விமானத்திலிருந்து 100 பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் கிடையாது. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, ஹெல்மெட், மருந்துப் பெட்டி எல்லாம் பொறுக்க வேண்டும். ஒரு பெரிய வட்டம், நிமிஷத்துக்கு நிமிஷம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே மாட்டினால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கடைசியில் மிஞ்சுகிற அணிக்கு 'சிக்கன் டின்னர்'. சிக்கன் வராது. திரையில் அப்படி எழுத்து வரும், அவ்வளவுதான்.

இதைப் பிரபலமாக்கியவர் பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்து ஆசாமி. எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர் அளவில் ஒரு தீவை வடிவமைத்து, தன் மகள் எரின் பெயரை வைத்து 'எராங்கல்' என்று கூப்பிட்டார். மகள் பெயரில் வீடு கட்டுவார்கள், லாரி வாங்குவார்கள். இவர் போர்க்களம் கட்டினார். 2017-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2018 மார்ச்சில் செல்போனுக்கு வந்தது. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2016 செப்டம்பரில், ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீர் மாதிரி இறைத்திருந்தது. பெட்ரோலும் தயார், வண்டியும் தயார். அப்புறம் கேட்கவேண்டுமா?

2019 ஜனவரியில், பரீட்சை பற்றி மாணவர்களோடு பிரதமர் பேசிய கூட்டத்தில், ஒரு அம்மா தன் பையன் எப்போதும் ஆன்லைன் கேமே கதி என்று குறைப்பட, "பப்ஜி பேர்வழியா?" என்கிற தோரணையில் பிரதமரே கேட்டார். அரங்கமே சிரித்தது. அதே வருஷம் மார்ச்சில் குஜராத்தில் ராஜ்கோட் போலீஸ் கேமுக்குத் தடை போட்டு, தெருவில் ஆடிக்கொண்டிருந்த பையன்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிரதமர் சிரிக்க வைத்தார், போலீஸ் அழ வைத்தது. ஒரே வருஷத்தில் இரண்டும் நடந்தது.

* * *

நான் இருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதி. செங்கம் ரோட்டில் அக்னி லிங்கம் தாண்டி, எம லிங்கம் வருவதற்கு முன்னால். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பேசாமல் உட்காருவதற்காகவே விமானம் ஏறி வருகிற இடம் இது. உள்ளே மயில் அகவுவதைத் தவிர சத்தம் கிடையாது.

பின் தெருவில், ஷட்டர் போட்ட கடைப் படிக்கட்டில், நம் பையன்கள்: "டேய், பின்னாடிடா! பின்னாடி! செத்தடா நீ!"

வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு வெளிநாட்டுப் பெரியவர் ஒருமுறை நின்று கவலையோடு பார்த்தார். "ஒண்ணுமில்ல சாமி, வட்டம் சுருங்குது" என்றான் ஒரு பையன், தமிழிலேயே. அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். என்ன புரிந்துகொண்டாரோ, ஏதோ தத்துவம் என்று நினைத்திருப்பார்.

வட்டம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊரே 14 கிலோமீட்டர் வட்டம்தான். இங்கே வட்டத்தில் சுற்றினால் புண்ணியம். அங்கே வட்டத்தை விட்டால் சாவு. பௌர்ணமியன்று இரண்டும் மோதிக்கொள்ளும். லட்சக்கணக்கான ஜனம் ரோட்டில் இறங்கி, எல்லார் கையிலும் போன், எல்லாரும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மலையைக் காட்டுவார்கள். டவர் மூச்சுத் திணறிவிடும். பிங் 400, 500 என்று ஏறும். எதிரியைச் சுட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் குண்டு கிளம்பியிருக்கும். அன்று மட்டும் எங்கள் ஏரியாவில் அஹிம்சை.

* * *

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் கண்ணில் படும். பப்ஜியில் நாலு பேர் சேர்ந்தால் அது ஸ்குவாடு. எனக்கு அது கூட்டு வியாபாரம்.

எங்கள் கம்பெனியில் பங்குதாரர்கள் நாலு பேர். ஒன்று, நான். இரண்டு, செங்கம் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி. நிஜத்தில் ஊருக்கே மருந்து கொடுக்கிறவன். கேமில் எட்டு மருந்துப் பெட்டி வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டான். "ஸ்டாக் இல்லைணா" என்பான், கூசாமல். மூன்று, என்னோடு படித்தவன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். பாதி ஆட்டத்தில் சைரன் ஊதும். "சூப்பர்வைசர்டா!" என்று காணாமல் போவான். அவனுடைய பொம்மை மட்டும் மைதானத்தில் நிற்கும், கல்யாண வீட்டு வாசலில் வைத்த கும்பிடு பொம்மை மாதிரி.

நாலாவது ஆளை நாங்கள் சேர்க்கவில்லை. மூன்று பேராகப் போனால் நாலாவது ஆளைக் கம்ப்யூட்டரே எங்கிருந்தாவது பிடித்துப் போடும். கல்யாணத் தரகர் மாதிரி, பொருத்தம் பார்க்காமல். தினம் ஒரு ஆள். பஞ்சாபி வருவான், இந்தோனேசியாக்காரன் வருவான், குறட்டை விடுகிறவன்கூட வந்திருக்கிறான். 2019-ல் ஒரு ராத்திரி, நான் அடிபட்டு ஒரு குளியலறையில் தவழ்ந்துகொண்டிருக்க, காதுக்குள் ஒரு குரல்:

"பயப்பிடாதேங்கோ அண்ணை. நான் வாறன். எழும்பப் பார்க்காதேங்கோ, அப்பிடியே கிடவுங்கோ."

தமிழ்! அதுவும் எப்பேர்ப்பட்ட தமிழ்! மருந்துக்கடைத் தம்பி ஆட்டத்தை விட்டுவிட்டு, "டேய், யார்றா இது, ரேடியோல பேசற மாதிரி பேசறாரு?" என்றான்.

கிளிநொச்சி. இருபது வயசு. அன்றிலிருந்து எங்கள் நாலாவது ஆள்.

அவன் சுடுவதில் சுமார். வைத்தியத்தில் சூரன். யார் விழுந்தாலும் ஓடி வருவான். நடுவில் குண்டு பறந்தாலும் புகைக்குண்டு போட்டுக்கொண்டு வருவான். தன் மருந்தைக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு பேண்டேஜோடு நிற்பான். "ஏம்ப்பா, உனக்கு வச்சுக்க மாட்டியா?" என்றால், "நீங்கள் எழும்பினாத்தானே அண்ணை நானும் நிக்கலாம்" என்பான்.

ஒரே ஒரு விசித்திரம். அந்தத் தீவில் 'ரெட் ஸோன்' என்று ஒன்று வரும். திடீரென்று வானத்திலிருந்து ஒரு பகுதி முழுக்கக் குண்டு மழை. அது ஆரம்பித்ததும் அவன் மைக் அணைந்துவிடும். முடிந்த பிறகுதான் திரும்ப வருவான். நெட் பிரச்னை என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஒருநாள் அவனாகவே சொன்னான்: "நெட் இல்லை அண்ணை. அந்தச் சத்தத்துக்குக் காதில இருக்கிறதைக் கழட்டிப் போடுவன்."

2009-ல் அவனுக்குப் பத்து வயசு. முள்ளிவாய்க்கால் வரை நடந்த குடும்பம்.

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதன் பிறகு வரைபடத்தில் ரெட் ஸோன் விழுந்தால், ஒரகடத்துக்காரன் ஜீப்பை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் பறப்பான். எதிரி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று. இப்படி ஒரு விதியை யாரும் பேசி வைக்கவில்லை.

* * *

2020 செப்டம்பர் 2. எல்லையில் சீனாவோடு பதற்றம். 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. பப்ஜியும் அதில் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதி சர்வரே நின்றுபோனது. ஜூன் 29-ல் 59 செயலிகளோடு டிக்டாக் போனபோது அழுதவர்களைப் பார்த்துச் சிரித்தோம் அல்லவா, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

2021 ஜூன் 17. ஊரடங்கு நேரம். பௌர்ணமி கிரிவலத்துக்கும் மாதக்கணக்கில் தடை. செங்கம் ரோட்டில் நாய்கள்தான் கிரிவலம் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் பி.ஜி.எம்.ஐ.யின் முன்னோட்டம் திறந்தது. ஜூலை 2-ல் முழு வெளியீடு. ஐபோன்காரர்களுக்கு ஆகஸ்ட் 18 வரை காத்திருப்பு. (ஆப்பிள் வைத்திருப்பவர்கள் வரிசையில் கடைசியாக நின்ற அபூர்வக் காட்சி!)

முதல் வாரம் ஆடிப் பார்த்தபோது எனக்குப் பட்ட மாற்றங்களை ஐந்தொகை போட்டு வைத்திருந்தேன். அப்படியே தருகிறேன்.

ஒன்று, ரத்தம் பச்சை. யாரைச் சுட்டாலும் புதினாச் சட்னி தெறிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் மனசு கெடக்கூடாது என்பதற்காக.

இரண்டு, 'கொன்றார்' என்கிற வார்த்தைக்குப் பதிலாக 'முடித்தார்'. மென்மையாக இருக்கட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள், பாவம். தமிழ்நாட்டில் 'கதையை முடிச்சிட்டேன்' என்பது கொலையைவிடப் பயங்கரமான வார்த்தை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மூன்று, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு அறிவிப்பு. இது நிஜ உலகம் இல்லை, கற்பனைப் பயிற்சிக்களம் என்று. 'இந்த உலகம் நிஜமில்லை' என்று சொல்வதற்கு எங்கள் ஏரியாவில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், சார். டேட்டா செலவில்லாமல் சொல்வார்கள்.

நான்கு, ஓ.டி.பி. 'நான் யார்?' என்று விசாரிக்கச் சொன்னவரின் ஆசிரமத்துக்குப் பின் தெருவில் உட்கார்ந்திருக்கிறோம். கேம் கேட்கிறது: நீ யார், உன் நம்பர் என்ன, பதினெட்டு முடிந்ததா? ஓ.டி.பி. அடித்தால் போதும். முக்தி கிடைக்காது, லாகின் கிடைக்கும். பதினெட்டுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா நம்பருக்குப் போகும். அந்த அப்பாவின் போனில் ஓ.டி.பி. எங்கே வரும் என்று பார்த்துச் சொல்வதே அந்தப் பையன்தான் என்பது கம்பெனிக்குத் தெரியாது.

ஐந்து, சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம். செலவு செய்ய ஒரு நாளைக்கு 7,000 ரூபாய் உச்சவரம்பு. ஒரு நாளைக்கு! ஆடிட்டர் ஆபீசில் என் முதல் மாதச் சம்பளம் 4,500. சிறுவனாகவே இருந்திருக்கலாம்.

ஆறு, பெயர் ராசி. விளம்பரத்தில் எராங்கல் தீவின் ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். நியூமராலஜி பார்த்தார்களோ என்னவோ. ஆள் ஒன்றுதான், தாடி மட்டும் ஒட்டியிருக்கிறது.

ஏழு, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதி. இதுதான் பிரமாதம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். பழைய கேமில் வாங்கிய சட்டை, தொப்பி, துப்பாக்கிக்குப் பூசின வர்ணம், ஏறின படிகள், எல்லாம் புதுக் கணக்குக்கு வந்துவிடும். வந்தன. மருந்துக்கடைத் தம்பியின் சிவப்புக் கோட்டு வந்தது. ஒரகடத்தானின் தங்கத் துப்பாக்கி வந்தது. 'தொடக்க இருப்பு' பைசா பிசகாமல் ஏறிவிட்டது.

மூன்று பேர் உள்ளே போனோம். நாலாவது கட்டம் காலி.

* * *

யோசித்தால் எளிய விஷயம். பி.ஜி.எம்.ஐ. இந்தியாவுக்கு மட்டும். கிளிநொச்சியில் கிடைக்காது. அவனிடம் பழைய பப்ஜி. அது நமக்குத் திறக்காது. பச்சை ரத்தம், 3 மணி நேரம், ஓ.டி.பி. இதையெல்லாம் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. பல பேர் சேர்ந்து ஆடுகிற கேமில் நடந்த பெரிய மாற்றம், அந்தப் 'பல பேர்' யார் என்பது மாறிப்போனதுதான்.

எங்களுக்கு மட்டுமா? மலேசியாவில் அத்தை பையன், துபாயில் டிரைவர் வேலையில் இருக்கிற அண்ணன், சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரன். ராத்திரி பத்து மணிக்கு மேல் எராங்கல் தீவில்தான் எத்தனையோ குடும்பங்கள் கூடிக்கொண்டிருந்தன. 'சாப்ட்டியா?' என்று கேட்டுக்கொண்டே எதிரியைச் சுடுவார்கள். போன் பேசினால் நாலு நிமிஷத்தில் விஷயம் தீர்ந்துவிடுகிற ஆண்பிள்ளைகள், சேர்ந்து கேம் ஆடினால் இரண்டு மணி நேரம் ஒருத்தரோடு ஒருத்தர் இருப்பார்கள். ஆம்பளைகளுக்கு ஒரு வேலை கையில் இருந்தால்தான் பேச்சு வரும். நம் தாத்தாக்கள் கோயில் மண்டபத் தரையில் கட்டம் செதுக்கி ஆடுபுலி ஆடினது எதற்கு? புலி மேல் பிரியமா?

அரசாங்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. நம் ஜனங்களின் விவரங்கள் எந்த ஊர் பீரோவில் இருக்கிறது என்று கேட்கவேண்டியது அதன் வேலை. ஆனால் பீரோ எங்கே இருக்கவேண்டும் என்பது ஒரு கேள்வி. திண்ணையில் யாரோடு உட்காரலாம் என்பது வேறு கேள்வி. பீரோவைப் பூட்டுகிற வேகத்தில் திண்ணைக்கும் சேர்த்துச் சுவர் எழும்பிவிட்டது.

வாட்ஸ்அப்பில் அவனிடம் சொன்னேன்: "தம்பி, புதுசுல ரத்தம் பச்சையாம்."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "நல்லதுதானே அண்ணை."

* * *

இந்தச் சுவரின் வேடிக்கையை 2023 டிசம்பரில் எங்கள் தெரு டீக்கடையிலேயே பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா ஆசிரமத்துக்கு வந்திருந்தார். கூட பதினேழு வயசு மகன். அம்மாவுக்குத் தியானம். பையனுக்குப் பொழுது போகவில்லை. நம் பையன் ஒருத்தன் பெஞ்சில் உட்கார்ந்து பி.ஜி.எம்.ஐ. ஆடுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தன் போனைக் காட்டுகிறான். அதே தீவு, அதே வட்டம், அதே துப்பாக்கி. ஆனால் இந்தியாவில் இறங்கினதிலிருந்து அது திறக்கவில்லை. நம் ஊர்ப் பதிப்பை இறக்கலாம் என்றால், அவனுடையது ஜெர்மன் ஆப்பிள் கணக்கு. அதில் அப்படி ஒரு கேமே கிடையாது.

ஒரே பெஞ்ச், ஒரே டீ, ஒரே பருப்பு வடையில் பாதிப் பாதி. கேமில் மட்டும் சந்திக்க முடியாது. கடைசியில் நம் பையன் தன் போனையே கொடுத்தான். ஆளுக்கு ஒரு ஆட்டம். இவன் செத்தால் அவன், அவன் செத்தால் இவன். பாஷையே தெரியாமல் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைக் கத்தினார்கள்: "பின்னாடி! பின்னாடி!" அந்த ஜெர்மன்காரன் ஊருக்குக் கொண்டுபோன ஒரே தமிழ் வார்த்தை அதுதான்.

* * *

மற்ற வரவு செலவையும் முடித்துவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அவனிடம் கேம் இருந்தது, கரண்ட் இல்லை. பெட்ரோலுக்கு ராத்திரி பகலாக வரிசையில் நின்றான். "அண்ணை, இஞ்சை வட்டமே இல்லை, எல்லாம் நேர் வரிசைதான்" என்று எழுதினான். அதே வருஷம் ஜூலை 28-ல் பி.ஜி.எம்.ஐ.யையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களிடம் கரண்ட் இருந்தது, கேமுக்கு ஆயுசு இல்லை. 2023 மே 29-ல் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு திரும்ப வந்தது. இந்த முறை பெரியவர்களுக்கும் கட்டுப்பாடு: ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். ஒரகடத்தான் கேட்டான்: "ஆறு மணி நேரமா? ஆபீஸ்லயே அவ்ளோ நேரம் எவன்டா வேலை செய்யறான்?" (இதைப் படிக்கும் ஆபீஸ் அன்பர்கள் மேனேஜர் பக்கம் திரும்பாமல் சிரிக்கவும்.)

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்குக் கூட்டாண்மைக் கணக்கு என்று ஒரு பாடம். பங்குதாரர் சேர்தல், விலகுதல், இறத்தல். ஒரு பங்குதாரர் விலகும்போது 'குட்வில்' என்று ஒன்றை மதிப்பிட வேண்டும். நற்பெயர். மேஜை நாற்காலி மாதிரி கண்ணுக்குத் தெரியாது. கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். யாராவது விலகினால்தான் அதற்கு என்ன விலை என்கிற கேள்வியே வரும். பரீட்சையில் இந்தக் கணக்கைப் போட்டேன். அர்த்தம் புரிந்தது நாலாவது கட்டம் காலியாக இருந்த அன்றைக்குத்தான். கோட்டும் துப்பாக்கியும் புதுக் கணக்குக்கு மாறிவிட்டன. குட்வில் மாற்றுகிற பட்டன் எந்த கேமிலும் இல்லை. அதை நாமேதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

தூக்கிக்கொண்டுதான் போனோம். வாட்ஸ்அப்பில் நாலு பேர் குழு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழு அழைப்பு. கேம் இல்லாமல் பேசுவது முதலில் கஷ்டமாக இருந்தது. பத்து நிமிஷம் யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டிருப்போம். பிறகு பழகிவிட்டது.

2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். உடனே நின்றது. 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. சுமார் நாலு மணி நேரப் பயணம். இரண்டு கரைக்கும் நடுவே கப்பலே வந்துவிட்டது. சர்வர்தான் வரவில்லை.

சர்வர் வராவிட்டால் என்ன, ஆள் வந்தான். 2024 செப்டம்பர் பௌர்ணமி. குரலை வைத்து ஒரு உயரம் கற்பனை செய்து வைத்திருந்தோம். அதில் முக்கால்தான் இருந்தான். நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சாயங்காலம் கிளம்பினோம். வழக்கம்போல டவர் படுத்துவிட்டது. எல்லார் போனும் சட்டைப்பையில்.

குபேர லிங்கம் தாண்டியதும் அவன் காலைப் பார்த்து நின்றான். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்திருந்தது. மருந்துக்கடைத் தம்பி ஒன்றும் பேசாமல் ரோட்டோரம் மண்டி போட்டு உட்கார்ந்தான். தோள் பையைத் திறந்தான். பஞ்சு, டெட்டால், பிளாஸ்திரி, வலிக்கு ஸ்பிரே. ஒரு கடையே இருந்தது உள்ளே.

"ஸ்டாக் இல்லை எண்டு சொல்லுவீங்களே?" என்றான் அவன்.

"அது கேம்ல" என்றான் இவன், காலைத் துடைத்துக்கொண்டே. "ஆடாதப்பா. எந்திரிக்கப் பாக்காத, அப்படியே உக்காரு."

கட்டு முடிந்து எழுந்தவன், முன்னாலும் பின்னாலும் நகர்ந்துகொண்டிருந்த லட்சம் தலைகளைப் பார்த்தான். மலையைப் பார்த்தான்.

"அண்ணை, இந்த வட்டம் சுருங்குறதே இல்லை, என்ன?"

"சுருங்காது" என்றான் ஒரகடத்தான். "இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு. நட."